போடாத பேண்ட்

உட்காருங்க தம்பி, உட்காருங்க. எதுக்குக் கம்பியப் புடிச்சுக்கிட்டு நிக்கறீங்க? சேலம் போய்ச் சேர்ற வரைக்கும் வளைவுதான். நின்னுக்கிட்டே வந்தா வயித்துல இருக்கறதெல்லாம் வாய்க்கு வந்துரும். நான் இப்படி ஒதுங்கிக்கறேன். போதுமா? முட்டி இடிக்காது, கவலைப்படாதீங்க. உங்க உயரத்துக்கு இந்த சீட்டு அளவெடுத்துப் பண்ணின மாதிரி இருக்குது. அஞ்சடி மூணு இருப்பீங்க. சரிதானே? தப்பா எடுத்துக்காதீங்க, குட்டைன்னு சொல்லல. எனக்கு அது ஒரு பழக்கம்.

வேண்டாம் வேண்டாம், பையை மேல வைக்க வேண்டாம். மடியிலயே இருக்கட்டும். கனமெல்லாம் இல்ல. ஒரே ஒரு பேண்ட்தான் இருக்குது உள்ள.

நான் பி.டி. மாஸ்டருங்க. ராசிபுரத்துல, பையங்க பள்ளிக்கூடத்துல. அங்கமுத்து சார்னா அந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். கேன்வாஸ் ஷூ வெள்ளையா இல்லைன்னா கிரவுண்டைச் சுத்த விட்டுருவேன், அதனால தெரியும். பாசத்துல இல்ல. ஆளப் பாத்த உடனே உயரம் சொல்லிருவேன். பசங்களுக்கு உயரம் எடை பாக்க வருவாங்களே நர்ஸம்மா, அவங்க டேப்ப எடுக்கறதுக்கு முன்னாடியே நான் சொல்லிருவேன். அவங்க அளந்து பாத்துட்டு சிரிப்பாங்க. அரை அங்குலம் தப்பாது. ரிட்டயர் ஆயிட்டேன், சர்க்கரை வந்துருச்சு, பேப்பர் படிக்கணும்னா கண்ணாடி வேணும். ஆனா இந்தக் கணக்கு மட்டும் போகல.

அதோ பாருங்க, முன்னாடி, ஜன்னலோரமா பச்சைச் சேலை. தலைய ஜன்னல்ல சாச்சுக்கிட்டுத் தூங்குது பாருங்க. அதுதான் எங்க வீட்டம்மா. சிந்தாமணி. சேர்ந்து உட்காரல. சண்டையெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. காலைல இருந்து சரியாப் பேச்சில்ல, அவ்வளவுதான்.

நீங்க வெளியாளு. உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன். உடனே பதில் சொல்லாதீங்க, முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க. ஒருத்தன் தனக்குன்னு ஒரு துணி வாங்கறான். வாங்கினவன் அதை ஒரு தடவை கூடப் போடல. அந்தத் துணி புதுசா, பழசா? புதுசுன்னு சொல்ல வாயெடுக்கறீங்க பாருங்க. அதான் சொன்னேன், முழுசாக் கேளுங்கன்னு.

மலை மேல ஏரியைத் தாண்டிப் போனா ஒரு இடம் இருக்குது, பாத்திருக்கீங்களா? காப்பித் தோட்டத்துக்கு நடுவுல. பெரிய பெரிய மரமாப் பாத்து, உச்சில பலகை அடிச்சு, மரத்துக்கு மரம் கயித்துல பாலம் கட்டி விட்டிருக்கான். அதுல ஆடி ஆடிப் போய்க் கடைசில ஒரு கம்பி. ஆள அந்தக் கம்பில மாட்டி, இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கத்துக்குத் தள்ளி விடறான். ஜிப்லைனாம். சின்ன வயசுல நாங்க கிணத்து மேட்டுல கயிறு கட்டி ஆடினதுக்கு எங்கப்பன் பெல்ட்டைக் கழட்டினார். இப்ப டிக்கெட் வாங்கிக்கிட்டு ஆடறாங்க. இருக்கட்டும்.

அங்கதான் போயிட்டு வரோம். எங்க பையன் வேலை பாத்த ஆபீஸ்ல இருந்து வரச் சொல்லியிருந்தாங்க. ஓசூர்ல வண்டிக்கு உதிரி பாகம் பண்ற கம்பெனி. அவங்க எல்லாம் ராத்திரி மேலயே தங்கறாங்க. எங்களையும் தங்கச் சொன்னாங்க. எங்களுக்கு எதுக்கு அதெல்லாம்.

டிரஸ்ஸுதான் விஷயம். அங்க இருக்கற பிரசீதாங்கற பொண்ணு, பையன்கூட வேலை பாத்தது, எங்க வீட்டம்மா போனுக்கு ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கு. என்ன உடுத்திக்கிட்டு வரணும்னு. என் போனுக்கும் வந்துச்சு, நான் பாக்கல. அந்த ஆபீஸ்ல இருந்து வர்றது எதையும் நான் பாக்கறதில்ல. இவதான் எனக்குப் படிச்சுக் காட்டறா. பேண்ட் போட்டுக்கிட்டு வரணுமாம். சேலை கூடாதாம். துப்பட்டா கூடாதாம். முடிய இறுக்கி முடிஞ்சுக்கணுமாம், தொங்கற மாதிரி கம்மல், ஜிமிக்கி எதுவும் ஆகாதாம். முன்னும் பின்னும் மூடின ஷூ போட்டுக்கணுமாம். ஷூ விஷயம் சரி, அதை நான் ஒத்துக்கறேன். செருப்பப் போட்டுக்கிட்டு மரம் ஏறறவன் விழுந்தாலும் தப்பில்ல. ஆனா சேலை கூடாதுன்னா? எங்க வீட்டம்மாவுக்கு அம்பத்தஞ்சு வயசு தம்பி. நைட்டியக் கூட வாசல் தெளிச்சு முடிச்ச உடனே மாத்திரும். அதுக்குப் போயி பேண்டு.

நான் சொன்னேன், உனக்கெதுக்கு அதெல்லாம், நாம கீழ நின்னு பாத்துட்டு வருவோம், கூப்பிட்ட மரியாதைக்குப் போறோம், சேலையிலயே வான்னு. அதுக்கு அவ என்ன சொன்னா தெரியுமா? "கீழ நின்னு பாக்கறதுக்கு நான் எதுக்கு வரணும்? அவன் ஏறறதா இருந்த இடம். நான் ஏறிப் பாத்துட்டு வரேன்"னா. அவ்வளவுதான் சொன்னா. சத்தம் போடல. எங்க வீட்டுல இப்ப யாரும் சத்தம் போடறதில்ல.

ஆமா, அதை நான் சொல்லல இல்ல? பையன் இல்லீங்க இப்ப. மாதேஷுனு பேரு. போன வருஷம் இதே டூர் வச்சிருந்தாங்க, இவனும் பேர் குடுத்திருந்தான். காய்ச்சல்னு வெள்ளிக்கிழமை ஊருக்கு வந்தான். டெங்குன்னாங்க. செவ்வாக்கிழமை ஆள் இல்ல. அதுல சொல்றதுக்கு வேற ஒண்ணுமில்ல. அவங்களும் டூரை நிறுத்திட்டாங்க. இந்த வருஷம் மறுபடியும் வச்சாங்க, எங்களைக் கூப்பிட்டாங்க. நல்ல பிள்ளைங்க. நான் குறை சொல்லல.

பாத்து, வளைவு வருது, அந்தக் கம்பியப் புடிச்சுக்கங்க. இந்த டிரைவர் கொஞ்சம் வேகம்.

எங்க விட்டேன்? டிரஸ்ஸு. எங்க பங்காளிங்க எல்லாம் நெடுநெடுன்னு இருப்போம் தம்பி. என்னையே பாருங்க. இவன் மட்டும் அம்மா அச்சு. அஞ்சடி மூணோட நின்னுட்டான். பி.டி. மாஸ்டர் பையன், வாலிபால்ல நெட்டுக்கு மேல கை தெரியாது. எந்த பேண்ட் வாங்கினாலும் கால் நீளத்த வெட்டணும். "வெட்டின துணில எனக்கொரு கைக்குட்டை தைக்கச் சொல்லுடா"ம்பேன். "ஒண்ணு என்னப்பா, ரெண்டே தைக்கலாம்"பான். கோவிச்சுக்க மாட்டான்.

கருமாதி முடிஞ்ச அன்னிக்கே அவன் துணியெல்லாம் மூட்டை கட்டிக் குடுத்துட்டேன். சங்கரமடத்துப் பக்கம் பெரியவங்களை வச்சுப் பாத்துக்கற இல்லம் ஒண்ணு இருக்குது, அங்க வேலை செய்யற பசங்களுக்கு ஆகும்னு. வீட்டுல வச்சுக்கக் கூடாதுன்னு சொல்லுவாங்க இல்லீங்களா? எங்கம்மா போனப்பவும் அப்படித்தான் பண்ணினோம். முறைன்னு ஒண்ணு இருக்குது. பீரோவுல இருந்தது, கொடியில கிடந்தது, எல்லாம். அழுக்குக் கூடைல ஒரு சட்டை இருந்துச்சு, கட்டம் போட்டது, அவன் வந்த அன்னிக்குப் போட்டிருந்தது. அதையும் போட்டு மூட்டையக் கட்டிட்டேன். சுத்தமா முடிச்சேன். அரைகுறையா விடறது எனக்குப் பழக்கமில்ல.

சிந்தாமணி உள்ள படுத்திருந்தா. அவளக் கேக்கல. கேக்கறதுக்கு என்ன இருக்குது அதுல? சாயங்காலம் எந்திரிச்சு வந்து, கூடையப் பாத்தா. "அந்தக் கட்டம் போட்ட சட்டை?"ன்னா. குடுத்தாச்சுன்னேன். "துவைக்காமயா?"ன்னா. ஆமான்னேன். அப்புறம் அதப்பத்திப் பேச்சே எடுக்கல. அதோட விட்டுட்டா. நல்ல பொம்பளதான், நான் இல்லைங்கல. ராத்திரில தூங்கறதுதான் இல்ல. ஒரு வருஷமா அப்படித்தான், உட்கார்ந்தே இருப்பா. நான் தூங்கிருவேன். எனக்கு ஒண்ணும் ஆகல தம்பி. நல்லா சாப்புடறேன், நல்லா தூங்கறேன், காலைல நடக்கறேன். எல்லாரும் வந்து தைரியமா இருங்க சார், தைரியமா இருங்க சார்ங்கறாங்க. நான் தைரியமாத்தான் இருக்கேன். அழுகை வரல, அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?

சரி, பேண்டுக்கு வரேன். இவ நேரா கபூர் பாய் கடைக்குப் போயிட்டா. எங்க வீட்டுக்கு வழக்கமாத் தைக்கறவர். எனக்கொரு பேண்ட் தைக்கணும் பாய்னு போய் நின்னிருக்கா. அந்த மனுஷன் இவளையே கொஞ்ச நேரம் பாத்துட்டு, "உங்க வீட்டு பேண்ட் ஒண்ணு எங்கிட்டயே கிடக்குதும்மா"ன்னாராம். கால் நீளம் குறைக்கச் சொல்லி மாதேஷ் குடுத்தது. அந்த வெள்ளிக்கிழமை, காய்ச்சலோட பஸ் விட்டு இறங்கி, வீட்டுக்கு வர்ற வழியில, பாய் கடையில குடுத்துட்டு வந்திருக்கான். எங்ககிட்ட சொல்லல. டூருக்குன்னு வாங்கினதாம். "தச்சு வச்சுட்டேம்மா, கொண்டாந்து குடுக்கத்தான் மனசு வரல"ன்னாராம்.

நீலக் கலர். தண்ணி பட்டாக் கூட உடனே காயற மாதிரி துணி, ரெண்டு பக்கமும் ஜிப் வச்ச பை, இடுப்புல நாடா. அவ வீட்டுல கொண்டாந்து போட்டுப் பாத்தா. நான் அப்ப வாசல்ல இருந்தேன். பாக்கல. ஆனா ஒரு தையல் கூடப் பிரிக்க வேண்டி வரல, அது எனக்குத் தெரியும். ரெண்டு பேரும் ஒரே உயரந்தானே.

இப்பக் கேளுங்க. எங்க பக்கம் புதுத்துணின்னா ஓரத்துல மஞ்சள் வைக்காம உடம்புல ஏத்த மாட்டோம். உங்க வீட்லயும் அப்படித்தானே? சாமி படத்துக்கு முன்னாடி வச்சு, மஞ்சளைத் தொட்டு வச்சு, வீட்டுல பெரியவங்க எடுத்துக் குடுக்கணும். வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டு உடுத்தணும். எங்க வீட்டுல எடுத்துக் குடுக்கறது என் வேலை. தீபாவளி, பொங்கல், பொறந்த நாளு, எல்லாத்துக்கும். மாதேஷுக்கு மொத நாள் பள்ளிக்கூடத்துக்கு டவுசர் சட்டை எடுத்துக் குடுத்ததும் நான்தான், வேலைக்குப் போன அன்னிக்கு எடுத்துக் குடுத்ததும் நான்தான்.

இன்னிக்குக் காலைல குளிச்சுட்டு வந்து பாத்தா, சாமி படத்துக்கு முன்னாடி அந்த பேண்ட். மடிச்சு வச்சு, இடுப்புப் பட்டி ஓரத்துல மஞ்சள். பக்கத்துல இவ நிக்கறா, ஈரத் தலையோட. "எடுத்துக் குடுங்க"ங்கறா.

எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. "செத்தவன் துணிக்கு யாராச்சும் மஞ்சள் வைப்பாங்களா?"ன்னு கேட்டேன். கொஞ்சம் சத்தமாத்தான் கேட்டேன்.

அவ கத்தல. "அவன் போட்டதெல்லாம் செத்தவன் துணி. அதெல்லாம் நீங்க குடுத்தாச்சு. இதை அவன் போடவே இல்ல. போடாத துணி எப்படிங்க செத்தவன் துணி ஆகும்? இது புதுசு. எடுத்துக் குடுங்க"ன்னா.

நான் எடுக்கல தம்பி. எப்படி எடுப்பேன்? அவனுக்குன்னு வாங்கினது, அவன் அளவுக்கு வெட்டினது, அவனோட சேர்ந்து போயிருக்க வேண்டியது. இத்தனை நாள் கடையில ஒளிஞ்சுக்கிட்டு இருந்துச்சுங்கறதுக்காகப் புதுசாயிருமா? கையக் கட்டிக்கிட்டு நின்னேன். அவ ரெண்டு கையும் நீட்டிக்கிட்டே நின்னா. பால்காரன் மணியடிச்சுட்டுப் போயிட்டான். அப்புறம் அவளே குனிஞ்சு எடுத்து, கண்ணுல ஒத்திக்கிட்டு, உள்ள போயிட்டா. அதுல இருந்துதான் பேச்சில்ல.

பேண்டோட பஸ் ஏறினா. மேல ஒரு சுடிதார் டாப்ஸ், எங்கண்ணன் மருமகளோடது. எனக்கு மானமே போச்சு. தெருவே பாக்கப் போகுதுன்னு தலையக் குனிஞ்சுக்கிட்டு நடந்தேன். ஒருத்தரும் திரும்பிப் பாக்கல, அது வேற விஷயம். எதிர்வீட்டு அம்மா மட்டும், "எங்க சிந்தாமணி, வெளியூரா? நல்லா இருக்குது"ன்னுச்சு.

அங்க போனா எல்லாரும் கும்பலா நிக்கறாங்க. மெசேஜ் அனுப்பின பிரசீதாவே காதுல வளையம் போட்டுக்கிட்டு வந்து கழட்டிக்கிட்டு இருக்குது. ஒரு பையன் செருப்போட வந்துட்டான், அவன மரத்துப் பக்கமே விடல. சொன்னதச் சொன்ன மாதிரி உடுத்திக்கிட்டு வந்தது எங்க வீட்டம்மா மட்டுந்தான், அத நான் சொல்லணும். ஷூ கூட. என்னோட பழைய வெள்ளை கேன்வாஸை நான் குடுக்கல, அவளே எடுத்து, நுனில பேப்பரை அடைச்சுப் போட்டுக்கிட்டா. ஆனா லேஸைக் கட்டத் தெரியல. ரவிக்கை முடிச்சு மாதிரி போட்டு வச்சிருக்கா. அதோட மேல போனா நடுவழியில அவுந்துரும். வாழ்நாள் பூரா லேஸ் பாத்தவன், என் கை சும்மா இருக்குமா? குனிஞ்சு அவுத்து, இறுக்கி, ரெட்டை முடிச்சாப் போட்டு விட்டேன். பேசல. அந்தப் பசங்க எல்லாம் பாத்துச்சுங்க. பாக்கட்டும், பத்திரம் முக்கியம் இல்லீங்களா? குனிஞ்சப்பதான் பாத்தேன், பேண்ட் ஓரம் ஷூ மேல உட்கார்ந்திருந்த விதத்த. தரைலயும் படல, கணுக்காலும் தெரியல. கபூர் பாய் நல்லாத்தான் வெட்டியிருக்கார்.

அங்க ஒரு பொண்ணு எல்லாருக்கும் பட்டை மாட்டி விடுது. இடுப்புல ஒண்ணு, தொடைக்கு ஒண்ணு ஒண்ணு. இவளுக்கு இடுப்புல மாட்டறப்ப, "அம்மா, பேண்டுல என்னமோ மஞ்சளா ஒட்டியிருக்குது"ன்னு துடைக்கப் போச்சு. இவ படக்குன்னு அந்தக் கையப் புடிச்சுக்கிட்டா. "இருக்கட்டும் கண்ணு. புதுசு"ன்னா. எனக்குக் கேக்கற மாதிரித்தான் சொன்னா. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

அப்புறம் அந்தப் பொண்ணு எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லுச்சு, "பட்டை இறுக்கறதுல யாருக்காச்சும் எங்கயாச்சும் மரத்துப் போற மாதிரி இருந்தா கையத் தூக்குங்க, உடனே வந்து பாக்கறோம்"னு. நல்லாத்தான் சொல்லுச்சு, கணீர்னு. நம்ம பசங்களுக்கு நான் டிரில் சொல்ற மாதிரி.

மேல ஏறிட்டா. நான் நினைக்கல. கயித்துப் பாலத்துல ஒரு சின்னப் பொண்ணு அழுதுக்கிட்டு நின்னுருச்சு, இவ அதத் தாண்டிக் காலெடுத்து வச்சு வச்சுப் போயிட்டா. நான் கீழயே மரத்துக்கு மரம் கூட நடந்தேன். சும்மாதான். உட்கார்ந்திருந்தா கால் புடிச்சுக்குது. கடைசி மரத்துல இருந்து அந்தக் கம்பி. ஒவ்வொருத்தரா கத்திக்கிட்டுப் போறாங்க. கத்தறதுக்குன்னே போறாங்களோ என்னமோ. இவ முறை வந்துச்சு. சத்தமே இல்ல. கம்பி மட்டும் விர்ர்ர்னு ஒரு சத்தம்.

கீழ இருந்து பாத்தா முகம் தெரியாது தம்பி. வெயிலு எதிர்ல. மேல உடம்பு எல்லாம் ஒரே கறுப்பாத் தெரியுது. காலு மட்டும் தெரிஞ்சுது. நீல பேண்ட். வெள்ளை கேன்வாஸ். கால நீட்டிக்கிட்டு என் தலைக்கு மேல போச்சு. அளவு எனக்குத் தப்பாது. அஞ்சடி மூணு.

சிந்தாமணிதான். எனக்குத் தெரியாதா என்ன? நான் முடிச்சுப் போட்ட லேஸு.

அந்தப் பட்டை மாட்டற பொண்ணு எங்கிட்ட ஓடியாருது. "என்னங்க சார், என்ன ஆச்சு?"ங்குது. ஒண்ணுமில்லையேம்மான்னேன். "கையத் தூக்கிக்கிட்டு நிக்கறீங்களே சார்"ங்குது. அப்பதான் பாக்கறேன், என் கை மேல நிக்குது. வெயிலு கண்ணுல பட்டுச்சும்மா, அதுக்கு மறைச்சேன்னேன். "நிழல்லதானே சார் நிக்கறீங்க"ன்னுச்சு. இந்தக் காலத்துப் பிள்ளைங்க எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருக்காங்க. கைய இறக்கிக்கிட்டேன்.

அப்புறம் சாப்பாடு போட்டாங்க. பிரியாணி. நான் ரெண்டாவது தடவையும் கேட்டு வாங்கினேன். நல்லா இருந்துச்சுன்னு நினைக்கறேன். பிரசீதா வந்து பக்கத்துல உட்கார்ந்து மாதேஷப் பத்தி என்னமோ சொல்லிச் சொல்லி அழுதுச்சு. நான் தண்ணி எடுத்துக் குடுத்தேன்.

சாப்பிட்டு முடிச்சு, சிந்தாமணி பாத்ரூமுக்குப் போயி இந்தப் பச்சைச் சேலையக் கட்டிக்கிட்டு வந்தா. கையில இந்தப் பை. எனக்கு எதிர்ல வந்து நின்னா. காலைல இருந்து எங்கிட்ட அப்பதான் வாயத் தொறந்தா. குரல் நல்லாத்தான் இருந்துச்சு.

"போட்டாச்சு. வேர்வை பட்டாச்சு. இப்ப இது பழசு. நீங்க சொன்ன மாதிரியே வச்சுக்குவோம். யாருக்காச்சும் குடுத்துருங்க"ன்னா. பைய நீட்டினா. நான் வாங்கல. "அன்னிக்கு எல்லாத்தையும் நீங்கதானே குடுத்தீங்க, இதையும் நீங்களே குடுங்க. எடுத்துக் குடுக்கறது உங்க வேலைதானே"ன்னு என் கையில மாட்டி விட்டுட்டுப் போயி பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டா.

ஆக, அவ தோத்துட்டா தம்பி. பழசுன்னு அவ வாயாலயே ஒத்துக்கிட்டா. நான் சொன்னதுதான் சரி. பஸ்ல ஏறின உடனே தூங்கிட்டா பாருங்க. இத்தனை வளைவுலயும் முழிக்கல. என்னமோ அவதான் ஜெயிச்ச மாதிரி.

அப்ப இருந்து இந்தப் பைய மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். இந்தா, விரலெல்லாம் உணர்ச்சியே இல்ல, மரத்துப் போச்சு. கைப்பிடிய ரொம்ப இறுக்கிப் புடிச்சுட்டேன் போல.

உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்குது? நீங்க படியில ஏறினப்பவே பாத்துட்டேன். இவ்வளவு பேர் நிக்கறப்ப உங்கள மட்டும் கூப்பிட்டு உட்கார வச்சேனே, அதுக்குத்தான். அளவு உங்களுக்குக் கச்சிதமா இருக்கும். யாருக்கோ குடுத்து அவன் மறுபடியும் வெட்டி, மடிச்சு, எதுக்கு? தப்பா நினைக்காதீங்க. நல்ல துணி. ஒரே ஒரு தடவைதான் போட்டது, அதுவும் மரத்து மேல, அழுக்குக் கூட ஆகல. நீங்க வாங்கிக்கிட்டா எனக்கும் வேலை முடிஞ்சுது. அவ முழிக்கறதுக்குள்ள முடிச்சுட்டா நல்லது.

அஸ்தம்பட்டி வந்துருச்சா? இப்ப பஸ் ஸ்டாண்டு வந்துரும். கொஞ்சம் எந்திரிச்சு நில்லுங்க தம்பி, ஒரு தடவை இடுப்புல வச்சுப் பாத்துர்றேன். கூச்சப்படாதீங்க, எல்லாரும் அவங்கவங்க பையத் தேடிக்கிட்டு இருக்காங்க, உங்கள யாரு பாக்கறா? ம், இந்தா. இது இடுப்பு. நீங்க இந்த நுனியப் புடிச்சுக்கங்க. நேரா நில்லுங்க. குதிகால் ரெண்டும் சேரட்டும். முட்டிய மடக்காதீங்க.

இருங்க. அசையாதீங்க.

இல்ல. இல்ல தம்பி, இது உங்களுக்குச் சேராது. குட்டையா இருக்குது. நீங்க ஒசரம்.

அஞ்சடி மூணுன்னா சொன்னேன்? தப்பாச் சொல்லிட்டேன். சீட்டுல உட்கார்ந்தா எல்லாரும் ஒரே மாதிரித்தான் தெரியறீங்க. கண்ணு முன்ன மாதிரி இல்ல, சர்க்கரை வேற. நீங்க அஞ்சடி ஏழு, எட்டு இருப்பீங்க. உங்களுக்கு இதப் போட்டா கணுக்காலுக்கு மேல நிக்கும், பாக்கறதுக்கு நல்லா இருக்காது. நீங்களே அஞ்சு மூணுங்கறீங்களா? உங்களுக்கு என்னங்க தெரியும்? எத்தனை பசங்கள அளந்தவன் நான்! சரியாத் தரையத் தொடுதா? எங்க தொடுது? பஸ் ஆடறதுல உங்களுக்கு அப்படித் தெரியுது.

குடுங்க. அந்த நுனிய விடுங்க தம்பி. விடுங்க. நான் மடிச்சுக்கறேன், எனக்கு மடிக்கத் தெரியும். மஞ்சள் வேற இன்னும் அப்படியே இருக்குது பாருங்க. மஞ்சள் போகாத துணிய எப்படி இன்னொருத்தருக்குக் குடுக்கறது?

அவ முழிச்சுட்டா. இங்கதான் பாக்கறா. பாக்கட்டும். கேட்டாச் சொல்லிக்கறேன், அளவு சேர்ற ஆளு பஸ்ல ஒருத்தர் கூட இல்லைன்னு.

பஸ் நின்னுருச்சு. நீங்க முன்னால இறங்குங்க தம்பி. படியில பாத்து. குனிஞ்சு போங்க, குனிஞ்சு போங்க, மேல கம்பி இருக்குது. ஒசரமான ஆளு, தலை இடிச்சுக்கும்.